பயிற்சிக்குப் போன ஊர்

நெய்வேலி,
ஆகஸ்ட் 2016

அன்புள்ள அப்பாவுக்கு,

உலகம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முட்டுவலி தேவலையா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா? நான் சௌக்கியம்.

எங்கள் சுகாதாரத் துறையில் ஒரு பயிற்சி வைத்தார்கள். புதிதாக ரோடோ சுரங்கமோ வருமுன், அதனால் மக்கள் உடம்புக்கு என்ன கெடுதல் வரும் என்று ஆராய்ந்து சொல்லும் பயிற்சி. கடைசி நாள், சுரங்க லாரிகளுக்கு ரோடு வரப்போகும் ஒரு கிராமத்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே கனகம் என்ற பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பவே புள்ள இருமிக்கினே கெடக்குது. ரோடும் வந்தா என்னா ஆவறது? நல்லா எழுதுங்கம்மா."

பள்ளிக்கூடத்தை விட்டுத் தள்ளி ரோடு போட வேண்டும் என்று அறிக்கை எழுதி, திரும்பி வந்து பயிற்சி வகுப்பில் வாசித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

"இதை யாருக்கு அனுப்பணும் சார்?" என்று கேட்டேன்.

பயிற்சி நடத்தியவர் சிரித்தார். "யாருக்கும் இல்லம்மா, இது பயிற்சிதானே. ரோட்டுக்கு ஆர்டர் போயி நாளாச்சு."

மனசு கேட்காமல் நேற்று பஸ் ஏறிப் போய்க் கனகத்திடம் அதைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"அப்ப எங்கள வச்சி நீங்க படிச்சிக்கினீங்க" என்றாள். அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டேன்.

நீங்கள் கவலைப்படாதீர்கள், வேலைக்கு ஒன்றும் பாதகமில்லை. யாராவது இந்தப் பக்கம் வந்தால் பழைய ரேடியோவைக் கொடுத்தனுப்புங்கள். குவார்ட்டர்ஸில் ஒரு குரலாவது கேட்கும்.

தபால் எடுக்க வந்துவிடுவார்கள், முடிக்கிறேன். பயிற்சியில் கொடுத்த சான்றிதழ், என் கண்ணில் பட வேண்டாம் என்று இத்துடன் அனுப்புகிறேன். சுவரில் மாட்டிவிடாதீர்கள்.

உங்கள் மகள்,
உலகம்மாள்