வெள்ளைச் சீட்டு வந்தவர்கள்

ஜூன் 9, திங்கள்

விடியும்போதே காற்று. ஜன்னலைத் திறந்தால் மேஜையெல்லாம் கரிசல் புழுதி, மூடினால் புழுக்கம். எங்கள் ஊர் பரளச்சியிலிருந்து ஆஸ்பத்திரி வேன் எட்டு மணிக்கு வந்துவிட்டது. குடல் பரிசோதனைக்கு இன்று நான்கு பேர்.

முதல் ஆளுக்குக் குடல் சுத்தமாகவில்லை. பேதி மருந்து குடித்த கையோடு கம்மங்கூழும் குடித்திருக்கிறார். "தண்ணியா உள்ளதத்தான குடிக்கச் சொன்னீக? கூழ என்ன கடிச்சா திங்கிறோம்?" கேமராக் குழாயின் நீல வெளிச்சத்தில் மிச்ச மலம் ரத்தம் போலத் தெரியும். புது நர்ஸ் செல்வி பதறிப்போனாள். குழாயை வெளியே எடுத்து, இன்னொரு நாள் வரச் சொல்லி அனுப்பினேன்.

மற்றவர்களுக்கு அதே பாடம், அதே குரல். பெருங்குடலில் பாலிப் என்று சின்னச் சதை வளரும். விட்டால் சிலது புற்றாகும், இப்போதே பார்த்தால் எடுத்துவிடலாம். கேமராக் குழாயில் சாதா வெள்ளை வெளிச்சம் உண்டு, ரத்தக் குழாய்களைத் தூக்கிக் காட்டும் நீல வெளிச்சமும் உண்டு. எதில் பாலிப் அதிகம் அகப்படும் என்பதற்குத்தான் இந்த ஆய்வு. யாருக்கு எது என்பது சீட்டு எடுப்பதைப் பொறுத்தது.

ஊர்க் கூட்டத்தில் இதை, "கோயில்ல பூக்கட்டிப் பாக்குற மாதிரி" என்று சொன்னேன். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் பொட்டலம் கட்டிப் போட்டு, வெள்ளை வந்தால் நல்ல வாக்கு என்று சாமியிடம் உத்தரவு கேட்பார்களே, அது. எல்லோருக்கும் சட்டென்று புரிந்துவிட்டது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கடைசி ஆள் பேச்சியக்கா. முன்பு எங்கள் காட்டில் களையெடுத்தவர், இப்போது டவுனில் விசைத்தறிக் கூடத்தில் வேலை. வெள்ளைச் சீட்டு. கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ரெண்டு வெளிச்சமும் ஒண்ணுதான தாயி?"

"எது மேலுன்னு தெரியாதுக்கா. அதுக்குத்தான் பாக்குறோம்."

அவருக்கு ஒன்றும் இல்லை. எனக்குத்தான் காலெல்லாம் கடுப்பு. குழாயைப் பின்னிழுத்துக்கொண்டேதான் குடலைப் பார்க்க வேண்டும், அதில் அவசரப்படவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

வாங்க: கால்வலித் தைலம், போன் சார்ஜர், எலுமிச்சை.

ஜூன் 10, செவ்வாய்

குளியலறைக் குழாயில் காற்றுதான் வருகிறது. அரை வாளியில் குளியல்.

அப்பா போன். "வியாழக்கெழம வேன்ல நானும் வாரேன்." பெரியப்பா இதே குடல் புற்றில்தான் போனார். அன்றிலிருந்து கெஞ்சுகிறேன், இப்போதுதான் மனசு வந்திருக்கிறது. எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம்.

ஆய்வை நடத்தும் பெரிய டாக்டரிடம் கேட்டேன். "உன் அப்பாவை ஆய்வில் சேர்க்காதே. இரண்டு வெளிச்சத்திலும் பார்த்து அனுப்பிவிடு" என்றார். அப்பாவிடம் சொன்னால் குதிக்கிறார்.

"வரமாட்டேன்னவகள எல்லாம் பேசிக் கூட்டியாந்து விட்டவன் நானு. ஊருக்குச் சீட்டு, எனக்கு மட்டும் தனியாவா? பெத்த மகளே நம்பலன்னு பேசுவாக."

நான் கத்தினேன். அவரும் கத்தினார். ஜெயித்தது அவர்தான், வழக்கம்போல.

ஜூன் 12, வியாழன்

அப்பா வெள்ளை வேட்டியில். பேதி மருந்தில் முகம் சுண்டிப் போயிருந்தது. சீட்டு எடுத்தார். வெள்ளை.

"இன்னொன்னு எடுங்கப்பா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"சாமிகிட்ட யாராச்சும் ரெண்டாந்தரம் கேப்பாகளா?"

மயக்க ஊசியும் வேண்டாமாம், திரையைப் பார்க்க வேண்டுமாம். குழாய் கடைசி வரை போனது. வெள்ளையிலேயே பின்னிழுத்து வந்தேன். வலது பக்கம் முழுக்க ஒன்றும் இல்லை. குழாயின் கைப்பிடியில் ஒரு பொத்தான். அதை அமுக்கினால் நீலம், அவ்வளவுதான். எது மேல் என்று தெரியாது என்று ஊருக்கெல்லாம் சொன்ன ஆள் நான். கட்டைவிரல் கேட்கவில்லை. அமுக்கிவிட்டேன்.

"மேடம், இவுகளுக்கு வெள்ள" என்றாள் செல்வி.

"என்ன தாயி, படம் பச்சையா மாறுது?" என்றார் அப்பா. நீல வெளிச்சத்தில் படம் பச்சை கலந்துதான் தெரியும்.

"சும்மா படுங்கப்பா."

திரும்ப உள்ளே போய், மறுபடி பின்னிழுத்தேன். ஒரு மடிப்புக்குப் பின்னால் இருந்தது. தட்டையாக, பழுப்பாக, துவரம்பருப்பு அளவு. சுருக்குக் கம்பி போட்டு எடுத்துவிட்டேன். பரிசோதனைக்கு மதுரைக்குப் போயிருக்கிறது.

"தாள்ல என்ன போட மேடம்?"

"நடந்ததப் போடு."

கழிவறைக்குள் போய் அழுதேன். நல்ல வேளை, நல்ல வேளை என்று அதே வார்த்தை. பிறகுதான் யோசனை. நீலத்தால் தெரிந்ததா? இரண்டாம் தடவை பார்த்ததால் தெரிந்ததா? இல்லை, அப்பா என்பதால் கண்ணில் பட்டதா? இதில் எதையும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

அப்பாவிடம் விவரம் சொன்னேன். காதில் வாங்கினாரோ என்னவோ, வேனில் ஏறும்போது ஒரே சிரிப்பு. "வெள்ள வந்தப்பவே தெரியும் தாயி, ஒண்ணும் ஆகாதுன்னு."

ஜூன் 13, வெள்ளி

பெரிய டாக்டரிடம் ஒப்புக்கொண்டேன். திட்டவில்லை. அப்பாவின் தாளை ஆய்விலிருந்து எடுத்துவிடுவாராம். "உன்ன மாதிரி மகளா இருந்தா நானும் அமுக்கியிருப்பேன்" என்றார். அதுதான் மனதை இன்னும் அறுக்கிறது. பேச்சியக்காவுக்கு ஆஸ்பத்திரியில் மகள் யாரும் இல்லை.

திங்கட்கிழமைத் தாளைப் பார்த்தேன். குழாயைப் பின்னிழுத்துப் பார்க்க விதித்திருக்கும் குறைந்தபட்ச நேரத்தைப் பேச்சியக்காவுக்குக் கொடுத்திருக்கிறேன். குற்றம் சொல்ல முடியாது. அதற்கு மேல் ஒரு நொடியும் கொடுக்கவில்லை என்பதுதான் உண்மை.

மதியம் போன் செய்தேன். பின்னால் தறிச் சத்தம்.

"அக்கா, இன்னொரு தடவை பாத்துருவோம். வேன் அனுப்புறேன்."

"எதுக்குத் தாயி? எனக்குத்தான் வெள்ள வந்துருச்சுல்ல. சாமியே நல்ல வாக்குச் சொன்ன பெறகு எதுக்குத் திரும்ப?"

"அது சாமி வாக்கு இல்லக்கா. எந்த வெளிச்சம்னு மட்டுந்தான் சீட்டு."

"நீங்கதான பூக்கட்டிப் பாக்குற மாதிரின்னு சொன்னீக. ஒங்க அய்யாவுக்கும் வெள்ளதான வந்துச்சு? வெள்ள வந்தா தப்பாதுன்னு ஊரு பூராஞ் சொல்லிக்கிட்டுத் திரியிறாக."

சொல்லிவிட்டேன்.

"அப்பாவுக்கு நான் வெள்ளையோட நிறுத்தலக்கா. நீலத்துலயும் பாத்தேன். ரெண்டாவது பாத்தப்பதான் அகப்பட்டுச்சு."

தறிச் சத்தம் தேய்ந்தது. கூடத்தை விட்டு வெளியே வந்துவிட்டார் போல.

"அப்ப எனக்கு?"