பரிசுக்குப் பிறகு கேட்ட கேள்வி

கிள்ளான்,
ஞாயிறு காலை

அன்பு மகன் முகுந்தனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை, ஆக்லாந்துக் குளிரில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மன் துணையிருக்கட்டும். வாட்ஸ்அப் இருக்கும்போது அம்மா ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். என் போன் இப்போது அப்பாவிடம் இருக்கிறது. ஊரெல்லாம் கூப்பிட்டுத் தொந்தரவு செய்கிறார்கள் என்று வாங்கி வைத்துக்கொண்டார், நீ அனுப்புவதை அவர்தான் முதலில் படிக்கிறார், பதிலும் அவரே அடிக்கிறார். போன வாரம் "அம்மா நலம், கவலை வேண்டாம்" என்று வந்ததே, அது நான் அனுப்பியது இல்லை அய்யா.

அந்த டிவி வினாவிடைப் போட்டியில் நான் ஜெயித்ததை நீ அங்கிருந்தே பார்த்துவிட்டாய், ஆனால் வீட்டில் அதை எப்படிப் பார்த்தோம் என்று உனக்குத் தெரியாது. பிரிக்பீல்ட்ஸ் அச்சகத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிப் பயிற்சி நூல்களுக்குப் பிழை திருத்துகிறவளுக்கு அந்தக் கேள்விகள் பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. பெரிய பரிசு கிடைத்ததை அப்பாவிடம் சொல்லியிருந்தேன், அதற்குப் பிறகு கேட்ட கேள்விக்கு நான் என்ன சொன்னேன் என்பதை மட்டும் சொல்லவில்லை, அதை டிவிக்காரர்கள் வெட்டிவிடுவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒளிபரப்பான சனிக்கிழமை சாயங்காலம் உன் சித்தப்பா ரெங்கசாமி குடும்பத்தோடு வந்திருந்தார், பக்கத்து வீட்டு வாணியும் பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்திருந்தாள். கடைசிப் பதில் சரி என்றதும் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள், அப்பா கூட எழுந்தார். பிறகு அந்த அறிவிப்பாளர் பெண், பரிசுப் பணத்தில் முதலில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டாள். "எனக்கு மட்டும் ஒரு சின்ன வீடு எடுப்பேன், தனியா இருப்பேன்" என்று டிவியில் நான் சொன்னேன். சித்தப்பாதான், "அண்ணி நல்லா ஜோக் அடிக்கிறாங்க லா" என்று சிரித்தார். அப்பா டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல், "எல்லாருக்கும் டீ ஊத்து" என்றார். நான் எழுந்து போய் ஊற்றினேன்.

அதற்குப் பிறகு என்னால் தெருவில் தலைகாட்ட முடியவில்லை. பாசாரில் மீன்காரர் ஜெயராஜ், "அக்கா, வீடு பாத்தாச்சா?" என்று சத்தமாகக் கேட்கிறார், சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். கோவிலில் ஒரு அம்மா, பொம்பளைக்குப் பணம் வந்தால் புருஷன் வேண்டாமாக்கும் என்று என் காதில் விழும்படி சொல்லிக்கொண்டே பிரகாரம் சுற்றினார். கொமுட்டர் ரயிலில் தாதி உடுப்புப் போட்ட ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நானும் அதையேதான் நினைக்கிறேன் ஆன்டி" என்று தரையைப் பார்த்தபடி சொல்லிவிட்டு ஷா ஆலமில் இறங்கிப் போனாள். அவள் முகத்தை நான் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. அப்பா கோப்பிக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார், கூட்டாளிகள் கேலி செய்கிறார்களாம். காலையில் என்னோடு ரயில் ஏறி வந்து, அச்சகத்து மாடிப்படிக்குக் கீழே நாற்காலி போட்டு ஐந்து மணி வரை உட்கார்ந்திருந்துவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு திரும்புகிறார். இதை யாரோ படம் எடுத்து, மனைவி தனியாகப் போகிறேன் என்றாலும் நிழலாகப் போகும் கணவர் என்று பேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள். ஆயிரக்கணக்கில் இதயம் போட்டிருக்கிறார்கள். அப்பாவின் கோபம் அதோடு போய்விட்டது. சாப்பிட்டு முடித்ததும் அந்தப் பாராட்டுகளை ஒவ்வொன்றாக எனக்குப் படித்துக் காட்டுகிறார், நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அப்பாவைக் குறை சொல்வதாக நினைக்காதே. ஒருநாளும் கை நீட்டியதில்லை, பட்டினி போட்டதில்லை. ஆனால் இந்த முப்பத்தோரு வருடத்தில் எந்தச் சன்னலைத் திறப்பது என்பதுகூட அவர் சொன்னபடிதான், வெளியே போனால் எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று சொல்லாமல் படி இறங்கியதில்லை. அன்றைக்கு அந்த விளக்கு வெளிச்சத்தில் எனக்கு என்ன வேண்டும் என்று ஒருத்தி கேட்டாள், கேட்டதும் உள்ளே இருந்தது வாயில் வந்துவிட்டது.

தொலைக்காட்சிக்காரர்கள் எங்கள் இருவரையும் வீட்டில் வைத்துப் பேட்டி எடுக்க வேண்டும் என்றார்கள், அப்பா உடனே சரி என்றுவிட்டார். பேட்டிக்கு முந்தின நாள்தான் உன் செய்தியை என்னிடம் நீட்டினார். ஜோக்குக்குச் சொன்னேன்னு சொல்லிடுங்கம்மா, எல்லாம் அடங்கிடும் என்று நீ எழுதியிருந்தாய். பாரு, உன் மகனே சொல்றான் என்றார் அப்பா. அதுவரைக்கும் நீ ஒருவனாவது என் பக்கம் இருப்பாய் என்று நினைத்திருந்தேன். வியாழக்கிழமை பேட்டிக்கு, விசேஷத்துக்குப் போடும் பாத்தேக் சட்டையைப் போட்டுக்கொண்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்து என் தோளில் கை வைத்தார். "சும்மா ஜோக்குக்குச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டேன். கேமரா பிடித்தவர் கைதட்டினார். அவர்கள் வயரைச் சுருட்டி முடிக்கும் வரை அப்பா கையை எடுக்கவில்லை.

அச்சகத்தில் வேலை செய்யும் அனுப்பிரியா, காஜாங்கில் தன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு காலியாக இருக்கிறது, வந்து பாருங்கள் என்கிறாள். பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. அவரைத் தாண்டி எப்படிப் போவது என்று தெரியவில்லை. நேற்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு, அன்று போட்டியில் சொன்னதுதான் நிஜம் என்று அப்பாவிடம் சொன்னேன். மறுபடியும் ஜோக்கா என்று விழுந்து விழுந்து சிரித்தார். இனி நான் என்ன சொன்னாலும் சிரிப்பார் கண்ணு. தீபாவளிக்கு வரும்போது, அம்மா சொன்னது ஜோக் இல்லை என்று நீ அவரிடம் சொல்ல வேண்டும். என் வாயால் பொய் சொல்ல வைத்தவன் நீ, அதனால் உன்னிடம்தான் கேட்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். பதிலை வீட்டுக்கோ போனுக்கோ அனுப்பாதே, அச்சகத்து முகவரிக்கு அனுப்பு, அனுப்பிரியா என் கையில் கொடுப்பாள். நீ எடுக்கும் காரியமெல்லாம் நல்லபடி முடிந்து, மனசு நிறைந்து நீ வாழ வேண்டும்.

உன் அம்மா,
புஷ்பவல்லி