கரட்டுப்புதூர் பேசியதும் நான் சொன்னதும்

அனுப்புநர்
ஜ. ஜோதிமணி, பி.காம்.,
(கணவர் பெயர்: கவின்ராஜ்)
மூன்றாவது குறுக்குச் சந்து, மண்டி மொஹல்லா,
மைசூரு.

பெறுநர்
உயர்திரு விசாரணை அலுவலர் அவர்கள்,
எரிவாயு மின்நிலையம் மற்றும் குழாய்ப்பாதைத் திட்டம் – பொதுமக்கள் கருத்துக்கேட்புப் பிரிவு,
மைசூரு.

பொருள்: கருத்துக்கேட்புக் கூட்டத்தில் கரட்டுப்புதூர் மக்கள் தெரிவித்த எதிர்ப்பு, மொழிபெயர்த்த என்னால் மாறிப் பதிவானது – குறிப்பைத் திருத்தவும் கூட்டத்தை மறுபடி நடத்தவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். மணி ஒன்று ஆகப்போகிறது. குழந்தை தூங்கிய பிறகுதான் உட்கார முடிந்தது. காலையில் எழுதலாம் என்று விட்டால் எழுத மாட்டேன் என்பதும் எனக்குத் தெரியும். நான்கு நாள் காலை அப்படித்தான் போயிற்று.

1. தங்களுக்கு என்னை நினைவிருக்கலாம். சென்ற மாதம் மைசூருவில் நடந்த கூட்டத்தில், மேடையின் இடது ஓரம் மைக்கோடு நின்று, தமிழில் பேசியவர்களின் பேச்சைக் கன்னடத்தில் தங்களுக்குச் சொன்னவள் நான். இரண்டு மொழியும் தெரிந்தவர் யாராவது உண்டா என்று தாங்கள் கேட்டீர்கள். ஊர்க்காரர்களே என்னை முன்னால் தள்ளினார்கள். “நம்ம ஜடையன் மக இருக்குது, காலேஜ் படிச்சது, அது சொல்லட்டும்” என்றார்கள். ஜடையன் என் அப்பா. ஊரிலிருந்து வருபவர்களைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்திருந்தேன்.

2. கரட்டுப்புதூர், ஹனூர் தாலுகாவில் மார்டள்ளியைத் தாண்டி இருக்கிறது. தமிழ் பேசும் அறுபது வீடு. மக்காச்சோளம், ராகி, தண்ணீர் இருந்தால் மஞ்சள். மைசூருக்குப் பக்கத்தில் வரவிருக்கும் எரிவாயு மின்நிலையத்துக்கான குழாய், எங்கள் ஊரில் நாற்பத்தோரு குடும்பங்களின் காட்டுக்குள், அதாவது அவர்கள் உழுது பிழைக்கும் நிலத்துக்குள், போகிறது. குழாய் போகும் பட்டையில் இனி எந்தக் காலத்திலும் கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது, ஒரு கொட்டகைகூடப் போடக் கூடாது. இதை வேண்டாமென்று சொல்வதற்காகவே அவர்கள் விடிவதற்கு முன் வேன் ஏறி வந்தார்கள். வந்தார்கள், சொன்னார்கள். அது தங்களிடம் வந்து சேரவில்லை.

3. கூட்ட நடவடிக்கைக் குறிப்பு போன வாரம் ஊருக்கு வந்தது. எங்கள் ஊர்ப் பையன் முனிராஜுக்குக் கன்னடம் நன்றாகப் படிக்க வரும். கூட்டத்தன்று வேன் நிறுத்த இடம் தேடி வெளியே சுற்றிக்கொண்டிருந்ததால் அவன் மட்டும் உள்ளே இல்லை. குறிப்பைப் படித்துவிட்டு எனக்குப் போன் செய்தான். “எதிர்ப்புத் தெரிவித்து எவரும் பேசவில்லை” என்று அதில் இருக்கிறது. “ஏனுங்கக்கா, நம்ம சனம் அங்க போயி கல்யாணச் சோறு நல்லாருக்குதுன்னா சொல்லிப்போட்டு வந்தாங்க?” என்று கேட்டான். குழந்தை அழுகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். குழந்தை அழவில்லை.

4. அன்று அவர்கள் பேசியதையும் நான் சொன்னதையும் நினைவில் உள்ளவரை எழுதுகிறேன்.

முதலில் எழுந்தவர் செல்லக்கண்ணு அத்தை. ஆடு வளர்ப்பவர், கணவர் இல்லை. தங்களைப் பார்த்து அவர் கேட்டது இது: “ஏப்பா, நீ மேல உக்காந்திருக்கறே, நான் கீழ நிக்கறேன். இருந்தாலும் கேக்கறேன். அந்தக் குழாய் உன் ஊட்டு வாசல்ல போனா நீ படுத்துத் தூங்குவயா?” நான் தங்களிடம் சொன்னது: குழாய்ப்பாதையின் பாதுகாப்பு ஏற்பாடுகள் பற்றி அறிய விரும்புகிறார். உடனே நிறுவனத்தின் பொறியாளர் படம் போட்டு நெடுநேரம் விளக்கினார். அத்தைக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. என்ன சொல்றாங்க கண்ணு என்று என்னைக் கேட்டார். பாத்துக்கறோம்னு சொல்றாங்க அத்தை என்றேன். அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். “விளக்கம் ஏற்கப்பட்டது” என்று குறிப்பில் பதிவாகியிருப்பது அந்தத் தலையாட்டலைத்தான்.

அடுத்தவர் கணேசன். போன வருடம்தான் காட்டில் போர்வெல் போட்டார், குழாய் சரியாக அதன் மேல் வருகிறது. குடுக்க மாட்டேன் என்று மூன்று முறை சொன்னார், மேசையைத் தட்டினார். இழப்பீடு போதவில்லை என்று கருதுகிறார் என்றேன். ஐயா, அவர் பேச்சில் பணம் என்ற சொல்லே வரவில்லை.

பசம்மா என்பவர் மின்நிலையத்துக்கு எடுக்கப்போகும் ஆற்றுத் தண்ணீரைப் பற்றி நிறைய நேரம் பேசினார். அதை நான் ஒரே வரியில் முடித்தேன். அப்போது மட்டும் குழந்தை உண்மையாகவே அழுதது.

கடைசியில் என் அப்பா. வேட்டியை மடித்துக் கட்டியபடி மைக்குக்கு வந்தார். இறக்கிவிடச் சொல்லி நான் கண்ணைக் காட்டினேன். இறக்கிவிட்டார். கையைக் கட்டிக்கொண்டு இதை மட்டும் சொன்னார்: “நாங்க இதுக்கு ஒத்துக்கலீங்க. ஊரு மொத்தமும் ஒத்துக்கல.” இதைக் கன்னடத்தில் சொல்ல ஒருவர் கல்லூரி படித்திருக்க வேண்டியதில்லை. ஊர் சார்பில் திட்டத்தைப் பரிசீலிக்கும்படி கேட்டுக்கொள்கிறார் என்றேன். அப்பா பேசியதைக் கேட்டு அதற்குள் ஊரே கைதட்டியது. “ஊர் சார்பில் கோரிக்கை வைக்கப்பட்டது, கூடியிருந்தோர் கைதட்டி வரவேற்றனர்” என்று குறிப்பு சொல்கிறது.

5. எவரும் என்னை இப்படிச் சொல்லச் சொல்லவில்லை. நிறுவனத்தார் என்னிடம் பேசக்கூட இல்லை. தாங்களும் எந்த வகையிலும் காரணமல்ல. எட்டாம் வகுப்பிலிருந்து நான் மைசூருவில் விடுதியில் படித்தேன். என் பேச்சைக் கேட்டு உடன் படித்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். அதிலிருந்து பேருந்தில் ஊர்க்காரர் யாராவது சத்தமாகப் பேசினால் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். என் மகள் மனிஷாவுக்குப் பதினாலு மாதம், அவளிடம் வீட்டில் கன்னடம் மட்டும்தான் பேசுகிறேன். அத்தை தங்களை “நீ” என்றபோது எனக்குக் காது சுட்டது. எங்கள் பக்கத்தில் அது மரியாதைக் குறைவாகச் சொல்வதல்ல, ஆனால் தாங்கள் எப்படி எடுத்துக்கொள்வீர்களோ என்று பயந்தேன். எங்களைப் பட்டிக்காட்டு ஜனம் என்று தாங்கள் நினைக்கக் கூடாது என்பதே அப்போது என் கவலை. காடு போவது என் கவலையாக இல்லை. அதனால் ஒவ்வொருவர் பேச்சையும் துடைத்துத் துடைத்துக் கொடுத்தேன். ஊர்க்காரர்கள் சந்தைக் கன்னடம் பேசுவார்கள், நான் பேசியது அலுவலகக் கன்னடம், அவர்களுக்கு எட்டவில்லை. முடிவில் தாங்கள், நன்றாகச் சொன்னீர்கள் அம்மா என்றீர்கள். அன்று மாலை அதைக் கணவரிடம் பெருமையாகச் சொன்னேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

6. ஊரில் இப்போது எல்லாக் கோபமும் குறிப்பெடுத்த எழுத்தர் சிவகுமார் அவர்கள் மேல் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு மாற்றி எழுதிவிட்டார் என்கிறார்கள். அவர் மேல் புகார் கொடுக்க வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். அப்பாவும் போட்டிருக்கிறார். அந்தப் புகாரை எழுதித் தரும்படி என்னிடமே கேட்டிருக்கிறார்கள். “நீ எழுதுனா ஒரு எழுத்துப் பெசகாது கண்ணு” என்று அப்பா போனில் சொன்னார். சிவகுமார் என் வாயிலிருந்து வந்ததை ஒரு சொல் விடாமல் எழுதியவர். அவர் மேல் என்னால் புகார் எழுத முடியவில்லை. யாருக்கும் தெரியாது விடு, வாடகை வீட்டில் இருக்கிறோம், ஒரு கேஸ் கீஸ் என்று வந்தால் தன் வேலைக்குத்தான் ஆபத்து என்கிறார் கணவர். அவர் பயப்படுவது நியாயம். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

7. இம்மாதம் 25ஆம் தேதி இந்தக் குறிப்பு அரசின் ஒப்புதலுக்காகப் பெங்களூருக்குப் போகிறது என்று அறிகிறேன். போய்விட்டால் கரட்டுப்புதூர் சம்மதித்துவிட்டது என்று ஆகிவிடும். ஆகவே கீழ்க்கண்டவற்றைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்:

(அ) கூட்டம் முழுவதும் ஒளிப்பதிவு செய்யப்பட்டது. தமிழ் தெரிந்த வேறொருவரை உட்கார வைத்து அதைக் கேட்க வேண்டும். அதுவரை குறிப்பை அனுப்பாமல் நிறுத்திவைக்க வேண்டும்.

(ஆ) கூட்டத்தை மறுபடி, இம்முறை எங்கள் ஊரிலேயே, அரசு நியமிக்கும் மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு நடத்த வேண்டும்.

(இ) எழுத்தர் சிவகுமார் மீது புகார் வந்தால் இம்மனுவை அதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நடவடிக்கை எதுவாயினும் என் மீது எடுக்கலாம்.

8. தங்களுக்குத் தமிழ் தெரியாது என்பதை அறிந்தே இதைத் தமிழில் எழுதுகிறேன். நானே கன்னடத்தில் எழுதினால் மறுபடியும் எதையாவது நல்லபடியாக்கிவிடுவேன். தயவுசெய்து இதையும் வேறொருவரை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். இன்னொரு காரணமும் உண்டு. இதன் நகலை முனிராஜுக்கு அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஊரைக் கூட்டி வைத்து, ஒரு வரி விடாமல் சத்தமாகப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறதென்று அவனுக்கு இன்னும் தெரியாது. அப்பாவும் செல்லக்கண்ணு அத்தையும் அங்கே இருப்பார்கள். அதற்குப் பிறகு அவர்கள் என்னோடு பேசுவார்களா என்று தெரியவில்லை. ஆனால் குறிப்பு நிறுத்தப்பட்டதா இல்லையா என்று கட்டாயம் கேட்பார்கள், அதற்காவது என்னிடம் ஒரு பதில் இருக்க வேண்டும்.

சீக்கிரம் பதில் எழுதுங்கள் ஐயா.

பொறுப்பேற்றுக் கையொப்பமிடுபவர்,
ஜ. ஜோதிமணி

இடம்: மைசூரு
நாள்: 19.11.2025

நகல்: திரு. முனிராஜ், கரட்டுப்புதூர், ஹனூர் தாலுகா – ஊரில் படித்துக் காட்டுவதற்காக.