இடப்பக்கம் பார்க்கும் குதிரை

மார்ச் 4

மாமனார் தம் வெள்ளி நாணயத்தை எங்கள் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். அதை அடையாளம் கண்டு விளக்க அட்டை எழுதும் வேலை என் தலையில். "உங்க வீட்டுப் பொருள், நீங்களே எழுதிடுங்க சார்" என்றார் இயக்குநர். தப்பாகப் போனால் யாரைக் கேட்பது என்பதை அவர் எப்போதும் முதலிலேயே முடிவு செய்துவிடுவார்.

இடைக்கால நாணயம். ஒரு பக்கம் சூரியன், தெளிவாக. மறுபக்கம் குதிரை என்கிறார் மாமா. எனக்கு வேகவைத்த உருளைக்கிழங்கு தெரிகிறது.

மார்ச் 5

குதிரை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான் சிக்கல். வலப்பக்கம் என்றால் சாதாரணக் காசு; எங்கள் கிடங்கில் இழுப்பறை நிறையக் கிடக்கிறது. இடப்பக்கம் என்றால் மாமாவின் ராஜா. அந்த இடப்பக்கக் குதிரையை மட்டும் வைத்து, யாரும் கேள்விப்படாத ஓர் அரசனை மாமா இளம் வயதில் கண்டுபிடித்தார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அவனுக்கு ஒரு பட்டத்து ராணியையும் இரண்டு போர்களையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அவன் மாமாவுக்குப் பேராசிரியர் பதவி கொடுத்தான். நன்றியுள்ள அரசன்.

மார்ச் 7

விளக்கைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன். உருளைக்கிழங்குக்கு நிழல் விழுந்தது.

மார்ச் 8

"திசை தெரியலைன்னு எழுதிடட்டுமா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"எழுதுங்க. அப்பாகிட்ட நீங்களே படிச்சும் காட்டுங்க. கண்ணும் போயிடுச்சு, அந்த ராஜாவை விட்டா அவருக்கு வேற என்ன இருக்கு?"

"நான் என்ன ராஜாவோட கழுத்தையா நெரிக்கறேன்?"

"செஞ்சாலும் செய்வீங்க."

தட்டு வந்தது. பேச்சு வரவில்லை.

மார்ச் 11

மாமா அலுவலகத்துக்கு வந்தார். காசை ஒரு தடவை கையில் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். கட்டைவிரல் தானாகக் குதிரைப் பக்கத்தைத் தேய்க்க ஆரம்பித்தது.

"யோசிக்கறப்ப கையில ஏதாவது இருக்கணும் மாப்பிள்ளை. பழகிப்போச்சு."

அவர் போனபின் காசைப் பார்த்தேன். குதிரைப் பக்கம் குழிந்திருக்கிறது. என் விரலை வைத்தேன் — கச்சிதமாக உட்கார்ந்தது. எத்தனையோ நூற்றாண்டு மண்ணுக்குள் பிழைத்துக் கிடந்த குதிரை, என் மாமனாரின் சட்டைப்பையில் செத்திருக்கிறது.

ஏன் அந்தப் பக்கம் மட்டும்? சூரியன் யோசனைக்கு உதவாதா?

மார்ச் 12

மனைவி அப்பா வீட்டுப் பரணில் குடைந்து பழைய அரக்கு அச்சு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். கட்டுரை எழுதியபோது நாணயம் ஒரு வியாபாரியிடம் இருந்தது. அரக்கில் அழுத்தி அச்செடுத்து வந்து, அதைப் பார்த்துத்தான் மாமா எழுதினார். காசு கைக்கு வந்தது பிற்பாடு.

அச்சில் குதிரை பிடரி முடியோடு துல்லியமாக நிற்கிறது.

"பாருங்க, இடப்பக்கம்தானே பார்க்குது? இப்ப என்ன சொல்றீங்க?"

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் எதுவும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? ஐயோ, யார் சொல்வது?

மார்ச் 13

இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 15

கண்ணாடி முன் வகிடு எடுத்துக்கொண்டிருந்தவள் சீப்போடு அப்படியே நின்றாள்.

"ஏங்க... அரக்குல எல்லாம் திருப்பித்தானே விழும்?"

"ஆமா."

"அப்ப காசுல குதிரை வலப்பக்கம்."

"ஆமா."

"உங்களுக்கு அன்னைக்கே தெரியும்."

இதற்கும் ஆமா என்றேன். கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். ஊரில் உள்ள அச்சையெல்லாம் ஆராய்ந்தவர், இந்த ஒன்றைத் திருப்பிப் பார்க்க மறந்திருக்கிறார். ஆர்வம் கண்ணை மறைத்திருக்கும்.

மார்ச் 16

மாமா வீட்டில் கேட்டது அவள்தான். நான் வாசலோடு நின்றுகொண்டேன்.

"காசு கைக்கு வந்ததும் பார்த்திருப்பீங்களேப்பா?"

மாமாவின் கட்டைவிரல் வெறும் ஆள்காட்டி விரலைத் தேய்த்தது. பிறகு, "கட்டுரை அச்சாயிடுச்சும்மா" என்றார்.

"அப்புறம் சொல்லியிருக்கலாமே?"

"அதுக்குள்ள அவனுக்குக் கல்யாணமே பண்ணி வெச்சுட்டாங்க."

நாங்கள் கிளம்பும்போது மாமா என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "இருக்கறதை எழுதுங்க மாப்பிள்ளை."

மார்ச் 20

அட்டையைக் கொடுத்தேன். இயக்குநர் படித்தார். "இதுக்குப் போயா கண்ணாடிப் பேழை?"

ஏப்ரல் 2

காட்சி திறப்பு. மாமாவை மனைவி கைபிடித்து அழைத்து வந்தாள். அட்டையைப் படிக்கச் சொன்னார். மெதுவாகத்தான் படித்தேன்: வெள்ளி நாணயம். பரவலாகப் புழங்கிய வகை. முன்னர் தவறாக அடையாளம் காணப்பட்டது. குதிரை வலப்பக்கம் பார்க்கிறது. மிகவும் தேய்ந்தது.

"வலப்பக்கம்னே போட்டுட்டீங்களா?"

"ஆமா மாமா."

"நல்லது. பாவம், எத்தனை வருஷமா கழுத்தைத் திருப்பிக்கிட்டு நின்னுச்சோ."

திரும்பி வரும்போது காரில் மாமாவின் கை மடிமீது இருந்தது. கட்டைவிரல் அசையவில்லை.