நீலப் பில்லை

கச்சிபௌலி, ஹைதராபாத்
4 பிப்ரவரி 2024

அன்புள்ள மாமாவுக்கு,

சாரு வணக்கத்துடன் எழுதுவது. போனில் உங்களுக்குக் காது கேட்பதில்லை, நான் கத்தினால் பக்கத்து பிளாட்டில் கதவைத் திறந்து பார்க்கிறார்கள். அதனால்தான் கடிதம்.

கோடை முடியும்வரை இருப்பதாகச் சொல்லிவிட்டு, பொங்கல் கழிந்ததும் கிளம்பிவிட்டீர்கள். வீட்டு வேலைக்கு வரும் நஸ்ரின்கூட, "படே சாப் கைக்கு கயே?" என்று தினமும் கேட்கிறாள். ஏன் போனார் என்று எனக்கும் தெரியவில்லை. நான் ஏதாவது சொல்லிவிட்டேனா மாமா? உங்கள் பிள்ளை, "அப்பாவுக்கு ஊர் ஞாபகம் வந்திருக்கும், விடு" என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

உங்கள்
சாருலதா

விருத்தாசலம்
12 பிப்ரவரி

அன்பு சாருவுக்கு ஆசிகள்.

நீ ஒன்றும் சொல்லவில்லை அம்மா. உங்கள் ஊர் டிராஃபிக்கில் நீ ஆபீஸ் போய்ச் சேருவதற்குள் நான் இங்கிருந்து சிதம்பரம் போய்த் திரும்பிவிடுவேன். பத்தாவது மாடியில் உட்கார்ந்து அதைப் பார்ப்பதே எனக்குக் களைப்பாக இருந்தது, அவ்வளவுதான். இங்கே பக்கத்து வீட்டுக் கிட்டு தினமும் வருகிறான். சீட்டாட்டத்தில் அவன் ஏமாற்றுவதும் நான் கண்டுகொள்ளாமல் இருப்பதும் பழையபடி நடக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். பாத்ரூமில் ஃப்ளஷ் தொட்டிக்குள் போடுவாயே ஒரு நீலப் பில்லை, அது ஊதா நிறத்திலும் வருமா? சும்மாதான் கேட்கிறேன்.

அன்புடன்
நடேசன்

கச்சிபௌலி
18 பிப்ரவரி

அன்புள்ள மாமாவுக்கு,

அது நீலத்தில் மட்டும்தான் வரும். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று ஆபீஸ் போகவில்லை.

நீலத்தோடு மஞ்சள் சேர்ந்தால் பச்சை. ஊதாவாக வேண்டுமென்றால் சிவப்புதான் சேர்ந்திருக்க வேண்டும். நீங்கள் பாத்ரூம் போய்விட்டு வந்த பிறகு அந்த ஊதாவை நானும் பார்த்தேன் மாமா. ஒரு தடவை இல்லை. வேறு பில்லை போட்டேனா என்றுகூட யோசிக்கவில்லை. தண்ணீர் விட மறந்துவிட்டீர்கள் என்று கோபம் வந்தது, மூக்கைப் பொத்திக்கொண்டு பட்டனை அமுக்கினேன். அப்புறம் ஹாலுக்கு வந்து, "மாமா, போய்ட்டு வந்தா ஃப்ளஷ் பண்ணுங்க, வீடே நாறுது" என்றேன். நஸ்ரின் எதிரிலேயே சொன்னேன். அந்தப் பில்லையைப் போட ஆரம்பித்ததே உங்கள் வாடைக்காகத்தான்.

வாடையும் நிறமும் உடம்பு அனுப்புகிற சேதி. ஒன்றை வாசனையால் மூடினேன், இன்னொன்றைச் சாயத்தால் மூடினேன்.

கிட்டு மாமாவுக்கு இப்போதே போன் செய்துவிட்டேன், இந்தக் கடிதம் கிடைத்த அன்றே உங்களை டாக்டரிடம் அழைத்துப் போவார். அவரிடம் காரணம் சொல்லவில்லை. டாக்டரிடம் வெட்கப்படாமல் எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

சாரு

விருத்தாசலம்
2 மார்ச்

அன்பு சாருவுக்கு,

போனேன். இந்த ஊர் டாக்டர் பாண்டிச்சேரிக்கு அனுப்பினார். மூத்திரப்பையில் கட்டி. வலி இல்லாமல் ரத்தம் போனால் யாரும் பயப்படுவதில்லை, அதுதான் ஆபத்து என்றார் அங்கிருந்த டாக்டர். வாடை, கூடவே இருந்த கிருமியால் வந்ததாம். முப்பது வருஷம் சிகரெட் பிடித்ததையும் கேட்டு எழுதிக்கொண்டார். சுரண்டி எடுத்துப் பார்க்க வேண்டும். ஆழமாக இறங்கியிருந்தால் பையையே எடுக்க வேண்டியிருக்குமாம்.

எத்தனை நாளாக என்று கேட்டார். ஊருக்கு வந்தபிறகுதான், வெள்ளைப் பீங்கானில் பார்த்தேன் என்றேன். என் பிள்ளை ரஞ்சனிடமும் அப்படியே சொல். பில்லை நமக்குள் இருக்கட்டும்.

உன் மேல் மட்டும் பழி போட்டுக்கொள்ளாதே. ஊதாவை நானும்தான் பார்த்தேன், நீ வேறு பில்லை மாற்றியிருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். அடிக்கடி எழுந்து போனால் உனக்குச் சங்கடமாக இருக்கும் என்று தண்ணீர் குடிப்பதையும் குறைத்தேன். அதனால் வாடை கூடியதுதான் மிச்சம். மாமனாரும் மருமகளும் பேசுகிற விஷயமா இது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நடேசன்

கச்சிபௌலி
7 மார்ச்

அன்புள்ள மாமாவுக்கு,

முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பது? அவரிடம் சொல்லிவிட்டேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் ஃப்ளஷ் தொட்டியைத் திறந்து பில்லையை எடுத்து எறிந்தார். கையெல்லாம் நீலம். எத்தனை சோப்புப் போட்டும் போகவில்லை. அந்தக் கையோடு அடுத்த நாள் ஆபீஸ் போனார். இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

இங்கே நல்ல டாக்டரைப் பார்த்து வைத்திருக்கிறோம், ஆபரேஷன் இங்கேயே ஆகட்டும். மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வரச் சொல்லித்தான் கேட்கிறேன். வருவீர்களா?

சாரு

விருத்தாசலம்
13 மார்ச்

அன்பு சாருவுக்கு,

வருகிறேன். சென்னை வரை கிட்டு வருவான், அங்கிருந்து ரஞ்சன் அழைத்துப் போகிறானாம். அவன் போனில் பேசியதாகக் கிட்டு சொன்னான். அழுதானாம். உன்னிடம் பேசச் சொல்லி அவனைத் திட்டும்படி கிட்டுவிடம் சொல்லியிருக்கிறேன்.

டாக்டர் தினமும் நிறத்தைக் கவனிக்கச் சொல்கிறார். என் கண்ணுக்கு இப்போது மஞ்சளும் சிவப்பும் ஒன்றாகத்தான் தெரிகிறது. அதனால் உன்னிடம் ஒரு உதவி. பாத்ரூம் போனால் நான் தண்ணீர் விடாமல் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்துவிடுகிறேன். நீ போய்ப் பார்த்துவிட்டுத் தண்ணீர் விடு.

போன தடவை நீ கோபித்துக்கொண்ட அதே காரியம்தான். இந்தத் தடவை கோபித்துக்கொள்ளாதே அம்மா.

உன் மாமா
நடேசன்