சட்டைப் பை வைத்த சதுரம்

மார்கழி, வெள்ளிக்கிழமை.

போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட் குளிரில் இரண்டாவது பிள்ளை பெற்றுக் கிடக்கும் மகளுக்காக, பழைய துணிகளைச் சதுரமாக வெட்டி ஒட்டுப் போர்வை தைக்கிறோம், நானும் மதினியும். மதினி, செத்துப்போன என் வீட்டுக்காரரின் அக்கா. சதுரம் ஒரு சாண் என்று ஆளுக்குப் பாதி வெட்டினோம். என் கை பெரிது, மதினி கை சிறிது. இன்று சேர்த்து வைத்தால் விரக்கடை வித்தியாசம்.

"நீங்க வேற துணியில பெருசா வெட்டுங்க மதினி."

"துணிக்கு எங்க போக? ஒன்னோடதக் கழிச்சிரு புள்ள. சின்னத இழுத்தா பெருசாகுமா?"

கழித்தேன். அவருடைய நீலச் சட்டையில் பையோடு வெட்டிய துண்டும் என்னுடையதுதான். மலைக்குப் போகும் ஜீப்பில் எவனோ அவர்மேல் வாந்தி எடுத்தபோதுகூட அலசி அதையேதான் போட்டார், அவ்வளவு பிரியம். சின்ன வயதில் மகள் அந்தப் பைக்குள் கைவிட்டுத்தான் கடலைமிட்டாய் எடுப்பாள். அதற்காகவே அதை நடுவில் வைத்தேன்.

மேல்பக்கம் விரக்கடை கழித்ததில் பையின் வாய் தையலுக்குள் மாட்டிக்கொண்டது.

"போத்தத்தான போறா, பை எதுக்காம்?" என்றாள் மதினி. சொந்தத் தம்பி சட்டை.

காலையில் ஜீப்பு வரும், போர்வை போகும். மகள் பைக்குள் கையை விடப் பார்ப்பாள்.