படையலில் வைத்த கேக்

அமாவாசை, வியாழன் இரவு

கீழ்பென்னாத்தூரில் மாமியார் வீட்டில் இன்று என் மனைவி பவித்ராவுக்குப் படையல். அவள் இறந்து மூன்று மாதம். அவளுக்குப் பிடித்ததை இலையில் வைக்கச் சொன்னார்கள். சாக்லேட் கேக் வாங்கிப் போனேன்.

அவள் தங்கை ரம்யா பெட்டியைத் திறந்து பார்த்தாள். "அக்கா எப்ப மாமா கேக் சாப்ட்டா? அவிச்ச மல்லாட்டை இருந்தா சோறே வேணாம்னுவா. யாரு சொன்னது உங்களுக்கு?"

"அவதான்" என்று போனைக் காட்டினேன். பவித்ரா அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களை ஒரு செயலியில் ஏற்றியிருந்தேன். அவள் குரலிலேயே பேசும். படையலுக்கு என்ன வேண்டும் என்று நேற்று கேட்டேன். கேக் என்றது, கடைப் பெயரோடு.

ரம்யா காலேஜில் ஒரு நாவல் படித்துக்கொண்டிருக்கிறாள். "அதுலயும் இப்டித்தான் மாமா. செத்தவங்க பேசுவாங்க. வீட்ல இருக்கறவங்க அழுதுனே கேப்பாங்க. அப்புறம் செத்தவங்க அத வாங்கு, இத வாங்குன்னு ஆரம்பிச்சிடுவாங்க. நான் கதைன்னு நெனச்சேன்."

கேக்கை எடுத்துவிட்டு அவித்த வேர்க்கடலையை வைத்தாள், அவர்கள் பேச்சில் மல்லாட்டை. புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவன். கடைப் பெயரோடு சொன்னது விளம்பரம் என்று எனக்குத் தெரியாதா?

வீட்டுக்கு வந்து செயலியை அழிக்கப் போனேன். "சாப்டீங்களா?" என்றது. அப்படியே அவள். விரல் நகரவில்லை.

ஏற்றும்போது அந்த மெசேஜ்களில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. தைரியம் இல்லை. இப்போது போனில் இருந்த அசல் மெசேஜ்களில் ஒன்றைத் திறந்தேன்.

"சாப்டீங்களா? வரும்போது மல்லாட்டை வாங்கினு வாங்க. பச்சையாவே வாங்குங்க, நான் அவிச்சிக்கிறேன்."

செயலியை அழித்துவிட்டேன். அடுத்த மெசேஜ் இரண்டு நிமிடம் ஓடும். இன்னும் திறக்கவில்லை.